ஆப்டோமெட்ரி படிக்க ஆசையா? விண்ணப்பிக்கும் முன் சில நாள் பக்கத்தில் நின்று பாருங்க

தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது ஒரு மருந்து பாட்டிலைக் கொடுத்து, அதில் இருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். பலரும் கையை நீட்டுவார்கள், தலையைப் பின்னால் சாய்ப்பார்கள், வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார்கள். கடைசியில், "நீயே படிச்சுச் சொல்லு" என்று பாட்டிலைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

இதற்குத் தமிழில் 'வெள்ளெழுத்து' என்று பெயர். வயது ஏற ஏற, கண்ணுக்குள் இருக்கும் வில்லை நெகிழ்ச்சியை இழக்கிறது. தூரத்தில் இருப்பது தெரியும். கையில் இருப்பது மங்கும். இது நோய் அல்ல. சரியான பவரில் ஒரு கண்ணாடி போட்டால் போதும்.

அந்தப் பவரைக் கண்டுபிடிப்பவர், அதோடு கண்ணில் வேறு ஏதும் சிக்கல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்பவர், ஆப்டோமெட்ரிஸ்ட். தமிழில் பார்வை அளவியலாளர் என்று சொல்லலாம்.

மலேசியாவில் இது நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. ஆனால் ஆசிரியர் வேலை, நர்ஸ் வேலை மாதிரி இது நம் கண்ணெதிரே நடக்கும் வேலை இல்லை. கதவை மூடி, விளக்கைக் குறைத்து, ஒரு சின்ன அறைக்குள் நடக்கிற வேலை. அதைப் பார்க்காமலே நான்கு ஆண்டுகளை எப்படிக் கொடுப்பது?

அதற்குத்தான் 'ஷேடோயிங்'. கேமரன் மலை போன்ற இடத்திலிருந்து அதை எப்படிச் செய்வது, எதைப் பார்ப்பது, எதைச் செய்யக்கூடாது? இங்கே பார்க்கலாம்.

ஒரு கண்ணாடியில் அவ்வளவு இருக்கிறதா?

முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவோம். "கண்ணாடிக் கடை வேலைதானே, இதுக்குப் போய் டிகிரியா?" என்று வீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

இந்தியாவின் அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2018-ஆம் ஆண்டு 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' மருத்துவ இதழில் வெளியானது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன, வெள்ளெழுத்து இருந்தும் கண்ணாடி போடாத 751 தொழிலாளர்கள் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே கண்ணாடி. இன்னொரு குழுவுக்கு ஆய்வு முடிந்த பிறகு.

பிறகு ஒவ்வொருவரும் நாளுக்கு எத்தனை கிலோ கொழுந்து பறிக்கிறார்கள் என்று எடை போட்டார்கள். கண்ணாடி போட்டவர்களின் உற்பத்தி, போடாதவர்களைவிடக் கூடுதலாகக் கிட்டத்தட்ட 22 சதவீதம் உயர்ந்தது. 50 வயதைத் தாண்டியவர்களிடம் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட 32 சதவீதம்.

புது மருந்தோ, அறுவை சிகிச்சையோ எதுவும் இல்லை. சாதாரணமாகப் படிக்கப் போடும் கண்ணாடி மட்டும்தான்.

கேமரன் மலையின் கதை அப்படியே அசாம் கதை இல்லை. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் எல்லாம் கையால் பறித்ததுதான். இன்று இங்கே பெரும்பாலும் கத்தரியும் இயந்திரமும் கொழுந்தை வெட்டுகின்றன. தொழிலாளர்களில் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் நிறைய. ஆனால் பக்கத்துப் பார்வை தேவைப்படுவது கொழுந்துக்கு மட்டுமா? சம்பளச் சீட்டைப் படிக்கணும், வாட்ஸ்அப் பார்க்கணும், ஊசியில் நூல் கோர்க்கணும், இன்சுலின் ஊசியில் அளவுக் கோட்டைப் பார்க்கணும்.

1996-இல் மலேசியாவில் நடந்த தேசியக் கண் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நாட்டில் பார்வைக் குறைவுக்கு முதல் காரணம், கண்ணாடி போட்டுச் சரிசெய்யாமல் விட்ட பார்வைக் கோளாறுதான். பார்வைக் குறைவு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதுவே காரணமாக இருந்தது.

இந்த வேலைக்குத்தான் நீங்கள் விண்ணப்பிக்கப் போகிறீர்கள். இனி ஷேடோயிங் பக்கம் வருவோம்.

ஷேடோயிங் என்றால் என்ன?

ஷேடோ என்றால் நிழல். ஒருவர் வேலை செய்யும்போது அவருடைய நிழல் மாதிரி கூடவே இருந்து பார்ப்பதுதான் ஷேடோயிங். நீங்கள் வேலை செய்வதில்லை, சம்பளமும் இல்லை. பார்க்கிறீர்கள், கேட்கிறீர்கள், குறிப்பெடுக்கிறீர்கள்.

இது இன்டர்ன்ஷிப் இல்லை. இன்டர்ன்ஷிப்பில் உங்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கும். இது பகுதிநேர வேலையும் இல்லை. கண்ணாடிக் கடையில் பகுதிநேர வேலை கிடைத்தால் அதுவும் நல்ல அனுபவம்தான். ஆனால் கவுண்டரில் நிற்பவருக்குப் பரிசோதனை அறைக்குள் நடப்பது தெரியாது. நீங்கள் பார்க்க வேண்டியது அந்த அறையைத்தான்.

அமெரிக்காவில் ஆப்டோமெட்ரி, ஒரு பட்டம் முடித்த பிறகு படிக்கும் நான்கு ஆண்டு முனைவர் நிலைப் படிப்பு. அங்குள்ள கல்லூரிகளில் ஷேடோயிங் கிட்டத்தட்ட எழுதாத விதி. எத்தனை மணி நேரம், யாரிடம் என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும். ஓர் ஆப்டோமெட்ரிஸ்டிடமிருந்து பரிந்துரைக் கடிதம் கேட்கும் கல்லூரிகளும் உண்டு.

மலேசியாவில் இது கட்டாயமா?

அரசுப் பல்கலைக்கழகத்துக்கு யுபியு வழியாக விண்ணப்பிக்கும்போது உங்கள் மெரிட் புள்ளியில் 90 சதவீதம் தேர்வு மதிப்பெண், 10 சதவீதம் புறப்பாட நடவடிக்கை. ஷேடோயிங் செய்தீர்களா என்பதற்கு அதில் புள்ளி இல்லை.

அப்படியென்றால் எதற்கு மெனக்கெட வேண்டும்?

விண்ணப்பப் படிவம் கேட்காத கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. மருத்துவம் கிடைக்கவில்லை, பல் மருத்துவம் கிடைக்கவில்லை, பட்டியலில் அடுத்து இருந்தது ஆப்டோமெட்ரி என்று வந்து சேருபவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு இந்த வேலை பிடித்துப்போகிறது. சிலருக்கு இரண்டாம் ஆண்டில்தான், "இது நமக்கு இல்ல" என்று தெரிகிறது. அதற்குள் கல்விக் கடன் ஏறியிருக்கும், வயதும் ஏறியிருக்கும். ஐந்தாறு நாள் முன்கூட்டியே போய்ப் பார்த்திருந்தால் இரண்டு வருடம் மிச்சம்.

இன்னொரு பயனும் இருக்கிறது. நேர்முகத் தேர்வு வைக்கும் இடங்களில், "ஏன் ஆப்டோமெட்ரி?" என்பது தவிர்க்க முடியாத கேள்வி. "மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்பதை எல்லாரும் சொல்வார்கள். நேரில் பார்த்ததை வைத்துச் சொல்பவருடைய பதில் வேறு மாதிரி இருக்கும்.

எங்கே படிக்கலாம் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மலேசியாவில் இந்தப் படிப்பு 1985-இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில், அதாவது யுகேஎம்-இல் தொடங்கியது. அதே ஆண்டுதான் சென்னையில் சங்கர நேத்ராலயாவுடன் சேர்ந்த எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியும் தொடங்கியது. பகாங் மாநிலத்துக்குள்ளேயே, குவாந்தானில், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு இருக்கிறது. யுஐடிஎம்-இலும் உண்டு, அது பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. தனியாரில் சேகி, யுசிஎஸ்ஐ, எம்எஸ்யு போன்றவை இருக்கின்றன. எதில் சேர்ந்தாலும், அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் சரிபாருங்கள்.

யார் பக்கத்தில் நிற்பது?

மாணவர்கள் அதிகமாகக் குழம்பும் இடம் இதுதான். கண் சம்பந்தமாக வேலை செய்பவர்கள் மூன்று வகை.

கண் மருத்துவர்: மருத்துவப் படிப்பு முடித்து, பிறகு கண்ணில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். கண்புரை அறுவை சிகிச்சை செய்பவர் இவர்தான்.

ஆப்டோமெட்ரிஸ்ட்: பார்வையை அளப்பவர், கண்ணாடிக்கும் காண்டாக்ட் லென்ஸுக்கும் பவர் எழுதுபவர், கண்ணின் நலத்தைச் சோதிப்பவர். சிக்கல் என்று தெரிந்தால் கண் மருத்துவரிடம் அனுப்புபவர். மலேசியாவில் இவர் அறுவை சிகிச்சை செய்வதில்லை.

ஆப்டிஷியன்: எழுதிய பவருக்கு ஏற்றபடி கண்ணாடியைத் தயாரித்து, முகத்துக்குப் பொருத்தித் தருபவர்.

கடை வாசலில் நின்று பார்த்தால் பின்னிரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். சட்டத்தில் அப்படி இல்லை. 1991-ஆம் ஆண்டு ஒளியியல் சட்டப்படி இவர்கள் மலேசிய ஒளியியல் மன்றத்தில் தனித்தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். கடைக்குள் போனதும் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பாருங்கள். இல்லையென்றால் மரியாதையாகக் கேளுங்கள்: "இங்க ரெஜிஸ்டர்ட் ஆப்டோமெட்ரிஸ்ட் யாருங்க சார்?" கேட்பதில் தப்பே இல்லை. மூன்று நாள் நின்ற பிறகு, நாம் பார்த்தது வேறு தொழில் என்று தெரிவதுதான் கஷ்டம்.

மலையிலிருந்து எங்கே தேடுவது?

ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் மாணவர் ஒரே மாலுக்குள் நாலைந்து கண்ணாடிக் கடையைப் பார்த்துவிடலாம். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா பக்கம் அப்படி இல்லை. அதனால் பக்கத்திலிருந்து தொடங்கி, மெல்ல விரிந்து போவதுதான் நல்லது.

முதலில், மலையிலேயே இருக்கும் கடை. உங்கள் வீட்டில் யாராவது எங்கே கண்ணாடி வாங்கினார்களோ அங்கிருந்து தொடங்குங்கள். "எங்க சித்திக்குப் போன வருஷம் நீங்கதான் சார் கண்ணு பார்த்தீங்க" என்று தொடங்கும் பேச்சு எளிதில் மறுக்கப்படாது.

இரண்டாவது, அரசு மருத்துவமனை. தானா ராத்தாவில் சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. இது மாவட்ட மருத்துவமனை. கண் பரிசோதனை எந்த நாளில் நடக்கிறது, பார்வையாளராக மாணவரை அனுமதிப்பார்களா என்று அலுவலகத்தில் கேட்கலாம். அரசு இடங்களில் வாய்மொழி அனுமதி போதாது. பள்ளியிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு, பல வாரங்களுக்கு முன்பே கேளுங்கள்.

மூன்றாவது, மலைக்கு வெளியே. சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் ஈப்போ. அங்கே ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. தனியார் கடைகளும் நிறைய. சொந்தக்காரர் வீட்டில் தங்க இடம் இருந்தால், மூன்று நாள் அங்கே நிற்பது மலையில் பார்க்க முடியாத பலவற்றைக் காட்டும்.

நான்காவது, பல்கலைக்கழகங்களின் திறந்தவெளி நாள். அது ஷேடோயிங் ஆகாது. ஆனால் படிக்கும் மாணவர்களோடு பேச முடியும். "முதல் வருஷம் எது கஷ்டம்?" என்ற ஒரு கேள்வி, பத்து பக்கக் கையேட்டைவிட அதிகம் சொல்லும்.

ஐந்தாவது, இலவசக் கண் பரிசோதனை முகாம்கள். கோயில், பள்ளி, பொது இயக்கங்கள் அவ்வப்போது நடத்துவார்கள். வரிசையை ஒழுங்குபடுத்த, படிவம் நிரப்ப, மொழிபெயர்க்க எப்போதும் ஆள் தேவைப்படும். தமிழ், மலாய் இரண்டும் தெரிந்த பிள்ளை அங்கே தங்கம்.

நேரத்தையும் யோசியுங்கள். பள்ளி விடுமுறையில் மலைப்பாதை முழுக்கச் சுற்றுலா வாகனங்கள். கடைக்காரருக்கும் அது பரபரப்பான காலம். எஸ்.பி.எம். அல்லது எஸ்.டி.பி.எம். எழுதி முடித்து, முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில், வார நாள் காலையில் கேட்டால் 'சரி' கிடைக்க வாய்ப்பு அதிகம்.

எப்படிக் கேட்பது?

சுருக்கமாக, தெளிவாக, மறுக்க இடம் விட்டு. இப்படி ஒரு செய்தி போதும்:

"வணக்கம் மேடம். நான் தானா ராத்தாவில் இருக்கிறேன், எஸ்.டி.பி.எம். அறிவியல் பிரிவு முடித்திருக்கிறேன். ஆப்டோமெட்ரிக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். விண்ணப்பிக்கும் முன் இந்த வேலையை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள ஆசை. அடுத்த மாதம் உங்களுக்கு வசதியான இரண்டு காலை நேரம் பக்கத்தில் இருந்து பார்க்க அனுமதி தருவீர்களா? நோயாளிகள் சம்மதித்தால் மட்டும் உள்ளே இருப்பேன். எதையும் தொட மாட்டேன், போன் உபயோகிக்க மாட்டேன். முடியாவிட்டாலும் பரவாயில்லை. நன்றி."

அவருக்குத் தமிழ் தெரியாதென்றால் இதையே மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். முடிந்தால் நேரில் போய்க் கொடுங்கள். 18 வயது ஆகவில்லையென்றால் அப்பா அம்மாவுக்குத் தெரியும் என்பதையும் சேருங்கள்.

ஒரு கடையில் "வேண்டாம்பா" என்றால் மனசு உடைய வேண்டாம். அந்த அறை சிறியது. மூன்றாவது ஆள் நின்றால் சில நோயாளிகளுக்குக் கூச்சமாக இருக்கும். அடுத்த இடத்துக்குப் போங்கள்.

அறைக்குள் எதைப் பார்க்க வேண்டும்?

கருவிகளின் பெயரை மனப்பாடம் செய்ய அங்கே போகவில்லை. அதைக் கல்லூரி சொல்லித் தரும். ஒவ்வொரு படியிலும் ஆப்டோமெட்ரிஸ்ட் எதை முடிவு செய்கிறார் என்று பாருங்கள்.

வந்தவர் பேசுவது. "மங்கலா இருக்கு" என்று மட்டும்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். தூரத்திலா, பக்கத்திலா? எப்போதிலிருந்து? ஒரு கண்ணா, இரண்டுமா? சர்க்கரை இருக்கா? இந்தக் கேள்விகளின் வரிசையைக் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

எழுத்து அட்டை. 6/6 என்றால் ஆறு மீட்டரில் தெரிய வேண்டியது ஆறு மீட்டரில் தெரிகிறது. 6/60 என்றால், நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டரில் பார்ப்பதை இவர் ஆறு மீட்டருக்கு வந்துதான் பார்க்க முடிகிறது. எழுத்துத் தெரியாத பாட்டி வந்தால்? ஆங்கில 'இ' எழுத்தைப் பல திசையில் திருப்பிப் போட்ட அட்டை ஒன்று உண்டு. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்டினால் போதும்.

சின்ன ஓட்டை. பார்வை குறைவாக இருந்தால், ஊசித்துளை போட்ட ஒரு மறைப்பை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதன் வழியே எழுத்து தெளிவானால், கண்ணாடியால் சரியாகும் வாய்ப்பு அதிகம். அப்போதும் மங்கலாகவே இருந்தால், வேறு ஏதோ இருக்கலாம். அந்தச் சின்னத் துண்டு, அடுத்து எந்தப் பாதை என்று காட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் ஆப்டோமெட்ரிஸ்டின் முகத்தைப் பாருங்கள்.

ஒளிக்கீற்று. ரெட்டினோஸ்கோப் என்ற கருவியால் கண்ணுக்குள் ஒரு கோடு மாதிரி வெளிச்சத்தை ஓட்டி, அது எந்தப் பக்கம் அசைகிறது என்பதை வைத்துப் பவரைக் கணிப்பார்கள். பேசத் தெரியாத குழந்தைக்கும் இப்படி அளக்க முடியும். இது கைப்பழக்கம், வருடக்கணக்கில் வருவது.

"எது தெளிவு? ஒண்ணா, ரெண்டா?" பரிசோதனையின் நடுநாயகம் இதுதான். கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, எது நன்றாகத் தெரிகிறது என்று கேட்பது. இயந்திரம் ஓர் எண்ணைத் தரும். ஆனால் கடைசி வார்த்தை நோயாளியுடையது. அவர் தயங்கினால், பயந்தால், கேள்வி புரியாமல் எதற்கும் "ஆமா" என்றால், பவர் தப்பாகப் போகும்.

மொழி முக்கியமாவது இங்கேதான். மலாயில் கேட்டால் தலையை மட்டும் ஆட்டும் ஒரு தோட்டத்துப் பாட்டியிடம், "பாட்டி, அவசரம் இல்ல. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா ஒரே மாதிரின்னு சொல்லுங்க" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் விடை மாறும். அதே அறைக்கு அடுத்து ஒரு வங்காளதேசத் தொழிலாளி வருவார். அவரிடம் எந்த மொழியில், எந்தச் சைகையில் கேட்கிறார்கள் என்றும் பாருங்கள். இருமொழி தெரிந்த உங்களுக்கு இந்தத் தொழிலில் என்ன இடம் என்பது அப்போது புரியும்.

கண்ணாடி விற்காத நாள்

ஒரு நல்ல ஆப்டோமெட்ரிஸ்ட் எப்போது கண்ணாடி வேண்டாம் என்கிறார்? ஷேடோயிங்கில் கட்டாயம் பார்க்க வேண்டியது இதுதான்.

உதாரணத்துக்குச் சர்க்கரை நோய். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒருவர். நம் வீட்டிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

இரத்தத்தில் சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் மாறும். இன்று அளந்து கண்ணாடி போட்டால், சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் அந்தக் கண்ணாடி பொருந்தாது. அதனால், "முதல்ல கிளினிக் போய்ச் சர்க்கரையைப் பாருங்கம்மா, அப்புறம் வாங்க" என்று அனுப்புவதுதான் சரியான சிகிச்சை. அன்று கடையில் விற்பனை இல்லை.

அதைவிட முக்கியம், சர்க்கரை நோய் விழித்திரையின் இரத்தக் குழாய்களைப் பாதிப்பது. தொடக்கத்தில் வலி இருக்காது, மங்கலும் இருக்காது. கண்ணாடி மாற்ற வந்த ஒருவரின் விழித்திரையில் சின்ன இரத்தக் கசிவைப் பார்த்து, மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தருவது ஒரு பார்வையைக் காப்பாற்றக்கூடும். மலையிலிருந்து ஈப்போவுக்குப் போக ஒருநாள் கூலி போகுமே என்று தயங்குபவரை எப்படிச் சம்மதிக்க வைக்கிறார் என்பதையும் பாருங்கள். அந்தப் பேச்சுத் திறமை எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

கண் சிகிச்சை என்பது டாக்டர் ஒருவரால் மட்டும் நடப்பதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, பார்வைச் சோதனை முதல் அறுவைக்கு முந்திய தயாரிப்பு வரை அவர்களை நம்பி ஒப்படைத்தது. அந்த மருத்துவமனை இன்று இத்தனை பேருக்குச் சிகிச்சை தர முடிவதற்கு அவர்கள் ஒரு பெரிய காரணம்.

என்ன செய்யக்கூடாது?

- எதையும் தொடாதீர்கள். பதிவு பெறாதவர் பரிசோதனை செய்வது சட்டப்படி குற்றம். "சும்மா ஒரு தடவை நீ பாரு" என்று அவரே சொன்னாலும், நோயாளியின் கண்ணில் வேண்டாம்.
- படம் எடுக்காதீர்கள். டிக்டாக், இன்ஸ்டாகிராம் எதற்கும் இல்லை. உடல்நலத் தகவல், 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முக்கியத் தகவல்.
- வெளியே பேசாதீர்கள். தோட்டம் சின்ன இடம். "இன்னைக்கு உங்க மாமாவைப் பார்த்தேன், கண்ணுல புரையாம்" என்ற ஒரு வரி மாலைக்குள் லயம் முழுக்கப் பரவிவிடும். மாமா அதை வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம்.
- ஒவ்வொரு நோயாளி வரும்போதும் சம்மதம் கேட்கச் சொல்லுங்கள். தலையசைப்பில் தயக்கம் தெரிந்தால் நீங்களாகவே வெளியே போய்விடுங்கள்.
- மூன்று நாள் பார்த்துவிட்டு வீட்டில் வைத்தியம் சொல்லாதீர்கள்.

பிடிக்காதவற்றையும் எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர், முகவரி எதுவும் எழுதாமல், தினமும் மூன்றே வரி: இன்று என்ன பார்த்தேன், எது புரியவில்லை, எது பிடிக்கவில்லை.

மூன்றாவது வரிதான் உங்களுக்கு அதிகம் உதவும். மலேசியாவில் ஆப்டோமெட்ரிஸ்டுகளில் பெரும்பாலோர் தனியார் கடைகளில் வேலை செய்கிறார்கள். சனி, ஞாயிறுதான் அங்கே கூட்டம். பரிசோதனை முடிந்ததும் ஃபிரேம் விற்க வேண்டியிருக்கும். விற்பனை இலக்கு உள்ள இடங்களும் உண்டு. ஒரே கேள்வியை ஒரே நாளில் முப்பது பேரிடம் கேட்க வேண்டும். இருட்டறையில் நாள் முழுக்க இருப்பது சிலருக்கு ஒத்து வராது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் அடுத்த நாள் காலையில் போகத் தோன்றுகிறதா? அதுதான் விடை. தோன்றவில்லையென்றால் அதுவும் விடைதான். உங்களை உள்ளே விட்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த தொழிலைப் பார்க்கலாம். யாரும் தோற்கவில்லை.

எத்தனை நாள் போதும் என்று கேட்டால், ஒரே கடையில் இரண்டு வாரம் நிற்பதைவிட, மூன்று வேறு இடங்களில் இரண்டிரண்டு நாள் நிற்பது மேல். ஒரு சின்ன ஊர்க் கடை, ஒரு நகரத்துக் கடை, ஒரு மருத்துவமனை. மூன்றிலும் ஒரே பட்டம், ஆனால் வேலை வேறு.

கிளம்பும் முன் ஒரு கடிதம் கேளுங்கள். எந்தத் தேதிகளில், எத்தனை மணி நேரம் இருந்தீர்கள், என்னென்ன பார்த்தீர்கள் என்று இருந்தால் போதும். நேர்முகத்துக்கும், வெளிநாட்டு விண்ணப்பத்துக்கும், உதவித்தொகைக்கும் அது பயன்படும். பெரிய புகழுரை தேவையில்லை.

இன்றே தொடங்க ஒரு வழி

கடிதம் எழுத, அனுமதி கிடைக்க, பஸ் ஏற நாளாகும். அதற்கு முன் செய்யக்கூடிய ஒன்று உண்டு. நீங்களே ஒரு முழுக் கண் பரிசோதனைக்குப் போங்கள். கடைசியாக எப்போது போனீர்கள் என்று நினைவில்லையென்றால் அதுவே போதிய காரணம். நாற்காலியில் உட்கார்ந்து, "ஒண்ணா, ரெண்டா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறும்போது, அந்தப் பக்கம் நிற்பவரின் வேலை என்னவென்று பாதி புரியும்.

போகும்போது வீட்டில் நாற்பதைத் தாண்டிய ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய பரிசோதனையின்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அவரே சம்மதிப்பார். உங்கள் நோட்டின் முதல் பக்கம் அங்கேயே தொடங்கிவிடும்.